வைக்கோல் தூசிக்குத் துண்டு போதாது

பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரிக்கும்போதும், நெல் தூற்றும்போதும் துண்டைக் கட்டாமல் என்95 மாஸ்க் போடுங்கள். இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால், ஒன்று உச்சிப் பக்கம், ஒன்று கழுத்துப் பக்கம் இருக்கவேண்டும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்திவிட்டு, மாஸ்க்கை உள்ளங்கைகளால் மூடி ஊதிப் பாருங்கள். கண்ணோரம் காற்று பட்டால் இன்னும் சரியாக உட்காரவில்லை.

துண்டின் இழை இடைவெளியில் பூசண வித்துகள் சுலபமாகப் புகுந்துவிடும். என்95 வடிகட்டியோ 0.3 மைக்ரான் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் ஓரத்தில் ஒழுகினால் அந்தக் கணக்கெல்லாம் வீண். தாடி இருந்தாலும் ஒழுகும். வேலை முடிந்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் இருமலும் வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள், வைக்கோல் தூசியாலும் அப்படி வரும். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

காசு மிச்சம்: கிழியாத, நனையாத மாஸ்க்கைக் காகிதப் பையில் வைத்து மறுபடி போடலாம். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். மூச்சு இழுக்கச் சிரமமானால் தூக்கிப் போடுங்கள். மேஸ்திரி முதலில் மாட்டினால்தான் ஆட்களும் மாட்டுவார்கள், வாங்கிக் கொடுத்தால் மட்டும் நடக்காது.

பூச்சிமருந்து ஆவிக்கும், நெல் மூட்டைக்கு வைக்கும் செல்பாஸ் மாத்திரையின் வாயுவுக்கும் இது உதவாது. சாண எரிவாயுத் தொட்டி, பாழுங்கிணறு பக்கம் இதை நம்பி இறங்கவே கூடாது. அங்கே குறைவது ஆக்சிஜன்.