பழைய அம்பாசடரில் வாட்டர் பம்பை நீங்களே மாற்றலாம்

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், புதிதாக வேலை பழகுபவர்களுக்கு இன்றும் அருமையான பள்ளிக்கூடம். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த எஞ்சின் அது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் அதன் முகப்பிலேயே இருப்பதால் துணிந்து கை வைக்கலாம்.

முதலில் கோளாறு பம்பில்தானா என்று பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது ஃபேன் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையைப் பசை வைத்து அடைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரை ஒரு தொட்டியில் வடியுங்கள். அதில் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) கலந்திருந்தால் மூடி வையுங்கள். நாயும் பூனையும் அதை நக்கும், அது அவற்றுக்குக் கொடிய நஞ்சு.

ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரையும் எடுத்துவிடுங்கள். எடுக்காமலும் செய்யலாம்தான், ஆனால் விரல் முட்டிகள் கிழியும். டைனமோவைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்த பின் டைனமோவையும் இறக்குங்கள். அதன் முன்பக்க மேல் போல்ட் பம்பின் உடலோடு சேர்ந்தது. அடுத்து ஃபேன், புல்லி. ஃபேனின் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் தலை மழுங்கும்.

பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் என்று நம்பிவிடாதீர்கள். ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் விழும் கீறல் வழியே பிறகு தண்ணீர் கசியும்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங் தாள், எஞ்சின் பிளாக்கில் கருகி ஒட்டியிருக்கும். பிளாக்கின் நீர்வழியைத் துணியால் அடைத்துவிட்டு, தட்டையான பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். கண்ணை நம்ப வேண்டாம். நகத்தால் வருடிப் பாருங்கள். எங்கேயும் தடுக்காமல் நகம் வழுக்கினால்தான் பரப்பு சுத்தம். எனக்கு இதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும், அதில் ஒரு நிமிடமும் வீணில்லை.

புதிய பம்பைப் பழையதோடு வைத்து உயரம், துளைகள் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிய பேக்கிங்கின் இருபுறமும் பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள். துணியை எடுக்க மறக்காமல் பம்பைப் பொருத்தி, எல்லா போல்ட்டுகளையும் கையால் திருகிய பின், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

மற்றவற்றை வந்த வழியே மாட்டுங்கள். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் புதிய பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்து, கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் எஞ்சினை மிதமாக ஓடவிட்டால் காற்று வெளியேறி மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பம்பின் விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்து ஈரம் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் சரிசெய்யுங்கள்.