கேமராவுக்காக போன் வாங்குவது எப்படி? மெகாபிக்சலை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்

"எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்டுத்தான் பெரும்பாலானவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். கடைக்காரரும் அதையேதான் சொல்வார்: 50, 108, 200. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ் முதல் 2022-இல் வந்த ஐபோன் 14 வரை ஆப்பிள் தன் சாதாரண மாடல்களின் பின்பக்க கேமராவில் 12 மெகாபிக்சலைத் தாண்டவே இல்லை. கூகுள் பிக்சலும் 5-ஆவது மாடல் வரை 12 சொச்சத்திலேயே இருந்தது, 2021-இல் பிக்சல் 6 வந்தபோதுதான் 50-க்குப் போனது. அந்த ஆண்டுகளில் நல்ல படம் எடுக்கும் போன் எது என்று கேட்டால் பலரும் முதலில் சொன்னது இந்த இரண்டு பெயர்களைத்தான். ஆக, அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். கேமரா பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்.

படி 1: உங்கள் கேலரியைத் திறந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. இப்போது கையில் இருக்கும் போனில் கடந்த சில மாதப் படங்களைப் புரட்டுங்கள். எதை அதிகம் எடுத்திருக்கிறீர்கள்? எந்தப் படங்கள் கெட்டுப்போயிருக்கின்றன?

டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடித்திரியும் குழந்தை மங்கலாகப் பதிந்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குத் தேவை பெரிய சென்சாரும் (அது என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்) வேகமான ஷட்டரும், அதாவது வெளிச்சத்தை உள்ளே விட்டுச் சட்டென்று மூடிக்கொள்ளும் ஏற்பாடும். பள்ளி ஆண்டு விழா மேடை எறும்பு சைஸில் தெரிகிறதா? தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும். வீட்டிலிருந்தபடியே கேக், புடவை, நகை விற்கிறீர்கள், படத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள் என்றால் நிறம் உள்ளது உள்ளபடி வரவேண்டும், கிட்டத்தில் ஃபோகஸ் ஆகவேண்டும். ரீல்ஸ்தான் வேலை என்றால் முன்பக்க கேமராவும் வீடியோ நடுங்காமல் வருவதும்தான் முக்கியம். பகல் வெளிச்சத்தில் தோட்டம், வாசல் கோலம், டாக்குமெண்ட் மட்டும் எடுப்பவராக இருந்தால் சந்தோஷம். இன்றைக்கு வரும் சுமாரான போனே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

படி 2: சென்சார் அளவைத் தேடுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லுதான் சென்சார். அதன் பரப்பு பெரிதானால் வெளிச்சம் அதிகம் விழும். வெளிச்சம் அதிகம் விழுந்தால் இரவுப் படத்தில் புள்ளிபுள்ளியாக வரும் இரைச்சல் குறையும், ஷட்டரும் சீக்கிரம் மூடும். மெகாபிக்சல் என்பது அந்தப் பரப்பை எத்தனை கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். இருக்கிற மாவை 50 தோசையாக ஊற்றினாலும் 200 தோசையாக ஊற்றினாலும் மாவு கூடிவிடாது, தோசைதான் சின்னதாகும்.

ஒரு நேரடி உதாரணம் பார்ப்போம். சாம்சங் தயாரிக்கும் ஜேஎன்1 என்ற சென்சார் 50 மெகாபிக்சல். சோனியின் ஐஎம்எக்ஸ்890 என்ற சென்சாரும் 50 மெகாபிக்சல். பெட்டியில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முதலாவதன் அளவு 1/2.76 அங்குலம், ஒவ்வொரு பிக்சலும் 0.64 மைக்ரோமீட்டர். இரண்டாவது 1/1.56 அங்குலம், பிக்சல் 1 மைக்ரோமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் சோனி சென்சார் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது! பகல் வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்த அளவைப் படிப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். பின்னத்தின் கீழே இருக்கும் எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரியது. என் கணக்கு இது: 1/1.3 முதல் 1/1.6 வரை இருந்தால் தைரியமாக வாங்கலாம். 1/2 அளவில் இருந்தால் பரவாயில்லை. 1/2.7 என்றால் பகலுக்கு மட்டும். '1 அங்குல சென்சார்' என்று விளம்பரப்படுத்தும் உயர்விலை போன்களும் உண்டு, 2023-இல் இந்தியாவில் விற்ற ஷாவ்மி 13 ப்ரோ ஓர் உதாரணம். அந்த 1 அங்குலம் ஸ்கேல் வைத்து அளக்கும் அங்குலம் அல்ல. பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவை வைத்து வந்த வழக்கு அது, உண்மையில் சென்சாரின் மூலைவிட்டம் 16 மில்லிமீட்டர்தான் வரும். போனில் அதுவே ரொம்பப் பெரிது.

இதை எங்கே பார்ப்பது? ஜிஎஸ்எம்அரீனா தளத்தில் போன் பெயரைப் போட்டால், மெயின் கேமரா வரியிலேயே சென்சார் அளவு இருக்கும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் நல்ல சென்சார் என்றால் பெருமையாகப் போட்டிருப்பார்கள். எங்கேயும் காணோம் என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த 200 மெகாபிக்சல் சமாச்சாரம். 2023-இல் வந்த கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல் சென்சார்தான். ஆனால் சாதாரணமாகப் படம் எடுத்தால் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். 50 மெகாபிக்சல் போன்களும் அப்படியே, நான்கை ஒன்றாக்கி 12.5 ஆக்கும். இது ஏமாற்று வேலை இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் சுத்தமாக வருவதற்கு அப்படிச் செய்வதுதான் நல்லது. முழு மெகாபிக்சல் மோட் நல்ல வெயிலில், பெரிய பிரிண்ட் போடும் எண்ணம் இருந்தால் உதவும்.

படி 3: ஓஐஎஸ் இருக்கிறதா?

வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். லென்ஸையோ சென்சாரையோ எதிர்த்திசையில் நகர்த்தி அந்த நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடுதான் ஓஐஎஸ். 2012-இல் நோக்கியா லூமியா 920-இல் வந்தபோது அது அதிசயம். இப்போது நடுத்தர விலை போன்களிலேயே கிடைக்கிறது. எனவே இருட்டில் படம் எடுப்பவர் அது இல்லாத போனை விட்டுவிடலாம்.

இங்கே இரண்டு விஷயம். இஐஎஸ் என்று போட்டிருந்தால் அது வேறு, வீடியோவின் ஓரங்களை வெட்டி மென்பொருளால் ஆட்டத்தைக் குறைப்பது. இன்னொன்று, ஓஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது. அதற்குப் பெரிய சென்சார்தான் வழி.

பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்த்து ஓட்டுபவர்கள் கவனிக்கவும்: மோட்டார் சைக்கிள் இன்ஜின் அதிர்வு இந்த ஓஐஎஸ் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. டெலிவரி வேலை பார்ப்பவர் என்றால் அதிர்வைத் தாங்கும் மவுன்ட் வாங்குங்கள்.

எஃப்/1.8, எஃப்/2.4 என்று போட்டிருப்பது லென்ஸ் துவாரத்தின் அளவு. எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். மெயின் கேமராக்கள் பெரும்பாலும் 1.5-க்கும் 1.9-க்கும் இடையில்தான் இருக்கும் என்பதால் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: பின்னால் எத்தனை வட்டம் என்று எண்ணாதீர்கள்

மூன்று வட்டம் இருந்தால் மூன்று நல்ல கேமரா என்று அர்த்தமில்லை. 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுப்பது), 2 மெகாபிக்சல் டெப்த் (பின்னணியை மங்கலாக்கத் தூரம் அளப்பது) என்று போட்டிருந்தால் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், எண்ணிக்கை காட்ட வைத்தவை அவை. கிட்டத்தில் பூ, நகை எடுக்கவேண்டும் என்றால் ஆட்டோஃபோகஸ் உள்ள அல்ட்ராவைட் (அகலமான காட்சியைப் பிடிக்கும் கேமரா) இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே நல்ல மேக்ரோவாக வேலை செய்யும்.

'100 மடங்கு ஜூம்' என்று போட்டிருந்தாலும், தனி டெலிபோட்டோ லென்ஸ் எத்தனை மடங்கு என்பதைத் தேடுங்கள். ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் அளவு, 3 மடங்கு, 5 மடங்கு என்று தனியாகப் போட்டிருக்கும். அதைத் தாண்டிப் போகப்போக, இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். டெலிபோட்டோ இல்லாவிட்டாலும் நல்ல 50 மெகாபிக்சல் மெயின் கேமரா 2 மடங்கு வரை தாக்குப்பிடிக்கும். முகத்தை மட்டும் அழகாக எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு 3 மடங்கு லென்ஸ் ஒரு வரம். மெயின் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

படி 5: மாதிரிப் படங்களை உட்கார்ந்து பாருங்கள்

இரண்டு மூன்று மாடல்களாகச் சுருக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் போட்டிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். மலை உச்சியும் சூரிய உதயமும் எந்த போனிலும் நன்றாகத்தான் இருக்கும். விமர்சகர்கள் எடுத்த இரவுப் படங்களையும் வீட்டுக்குள் எடுத்தவற்றையும் தேடி, முழு அளவில் இறக்கிப் பாருங்கள். யூடியூப் வீடியோவில் காட்டும் படம் சுருக்கப்பட்டிருக்கும், அதை வைத்து நுணுக்கம் பார்க்க முடியாது.

பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய இடங்கள்: தலைமுடி, புடவையின் ஜரிகைக் கரை, படத்தின் நான்கு மூலைகள், தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து. முடி இழை இழையாக இல்லாமல் மையைத் தடவியதுபோல இருந்தால், மென்பொருள் இரைச்சலைத் துடைக்கும்போது விவரத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது என்று பொருள்.

நமக்கு முக்கியமான இன்னொன்று தோலின் நிறம். பல போன்கள் மாநிறத்தையும் கருப்பையும் கேட்காமலேயே வெளுக்க வைக்கின்றன. கல்யாண ஆல்பத்தில் மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரே ரோஸ் நிறம் வந்தால் யாருக்குப் பிடிக்கும்? 2021-இல் பிக்சல் 6 வந்தபோது, வெவ்வேறு தோல் நிறங்களை உள்ளபடி பதிவதற்கென்றே ரியல் டோன் என்ற ஏற்பாட்டை கூகுள் கொண்டுவந்தது. உங்கள் நிறத்தில் இருக்கும் ஒருவர் எடுத்த செல்ஃபியைத் தேடிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

படி 6: கடையில் செய்யவேண்டிய சோதனை

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை கடைக்குப் போய் டெமோ போனைத் தொட்டுப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கடையில் எல்.இ.டி. வெளிச்சம் கொட்டிக் கிடக்கும், அங்கே எந்த போனும் அழகாகப் படம் எடுக்கும். அதனால் கொஞ்சம் வேண்டுமென்றே தொல்லை கொடுக்க வேண்டும்.

முதலில் கேமரா செட்டிங்கில் பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். கூட வந்தவரைக் கடை வாசலுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். வெளியே வெயில், உள்ளே முகம். முகமும் தெரியவேண்டும், தெருவும் வெள்ளையாக வெளுத்துப்போகக் கூடாது. இது பல போன்கள் தடுமாறும் இடம். அடுத்து மேசைக்கு அடியில், அலமாரியின் கீழ்த்தட்டில் போனை நீட்டி ஒரு படம். பிறகு அவரைக் கையாட்டச் சொல்லி எடுங்கள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தால் குழந்தையையும் பிடிக்கும். பொத்தானைத் தொட்டதும் எடுக்கிறதா, ஒரு கணம் யோசித்துவிட்டு எடுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு கணத்தில் குழந்தை திரும்பிவிடும்.

டெலிபோட்டோ உள்ள போன் என்றால் இதைச் செய்து பாருங்கள். 3 மடங்கில் வைத்துக்கொண்டு, பின்னாலிருக்கும் லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். டெலிபோட்டோவை மூடும்போது திரை இருண்டால் சரி. மெயின் கேமராவை மூடும்போது இருண்டால், போன் டெலிபோட்டோவைப் பயன்படுத்தாமல் மெயின் கேமராப் படத்தையே வெட்டிக் காட்டுகிறது. மங்கலான இடத்திலும் மிகக் கிட்டத்திலும் நிறைய போன்கள் இப்படிச் செய்யும், நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டு மூலையில் ஒருமுறை சோதியுங்கள். விற்பனையாளர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வீடியோவுக்கு, நடந்துகொண்டே எடுத்து, நடுவில் அல்ட்ராவைடுக்கு மாற்றுங்கள். நிறம் சட்டென்று மாறினால், அல்லது மாற்றவே விடவில்லை என்றால், ரீல்ஸ் எடுப்பவருக்கு அது தலைவலி. முன்பக்க கேமராவிலும் 4கே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடுத்த படங்களை டெமோ போனின் திரையிலேயே பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் திரை பளபளவென்று எதையும் அழகாகக் காட்டும். ப்ளூடூத்திலோ குவிக் ஷேரிலோ உங்கள் போனுக்கு அனுப்பி, எல்லா போன்களின் படங்களையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

படி 7: காசு கொடுக்கும் முன்

வீடியோ எடுப்பவர் 128 ஜிபியில் திருப்தியடைய வேண்டாம். 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 350 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கலாம், பத்து நிமிடம் எடுத்தால் மூன்றரை ஜிபி போய்விடும். மெமரி கார்டு போட இடமில்லாத போன்கள் இப்போது நிறைய.

பட்ஜெட் இடித்தால், இந்த ஆண்டின் நடுத்தர போனையும் போன ஆண்டின் உயர்விலை போனின் இப்போதைய விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவைப் பொறுத்தவரை பழையதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், சென்சாரும் லென்ஸும் ஒரு வருடத்தில் கெட்டுப்போகப் போவதில்லை. எத்தனை ஆண்டுக்கு அப்டேட் மீதம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பில் போடும்போது கேமராவின் மேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனின் லென்ஸ் மேல் ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருக்கிறது. மேலே இன்னொன்றை ஒட்டினால் இரவில் தெருவிளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் படரும், இடையில் தூசியும் சேரும். லென்ஸ் மட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும் விளிம்புள்ள கேஸ் ஒன்று போதும்.