ஆட்வேர் நீக்கினாலும் திரும்ப வருகிறதா? இந்த வரிசையில் செய்து பாருங்கள்

விண்டோஸ் கணினியில் பிரவுசரைத் திறந்தால் நீங்கள் வைக்காத தேடல் பக்கம், போகிற தளத்தில் எல்லாம் கூப்பன் பெட்டி. கேட்காமலே விளம்பரம் காட்டும் இந்த மென்பொருள்தான் ஆட்வேர். எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள்) நீக்கினால் மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் கண்ணில் படுவது ஒரு துண்டுதான், அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் துண்டு வேறு எங்கோ இருக்கிறது. அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

உள்ளே வருவது பெரும்பாலும் இலவச மென்பொருளோடு. வீடியோ கன்வர்ட்டர் ஒன்றை ஏதோ டவுன்லோட் தளத்திலிருந்து இறக்குகிறீர்கள், 'எக்ஸ்பிரஸ்' என்ற பொத்தான் பெரிதாகப் பளிச்சென்று இருக்கும், 'கஸ்டம்' மங்கலாக ஓரத்தில் கிடக்கும், அதற்குள் போனால்தான் கூடவே வரும் இரண்டு மூன்று மென்பொருள்களுக்கு ஏற்கெனவே டிக் போட்டிருப்பது தெரியும். நீங்களே சம்மதித்ததாகக் கணக்காகிவிடுவதால் பல ஆன்டிவைரஸ்கள் இதை வைரஸாகப் பார்ப்பதில்லை. இது அப்பட்டமான ஏமாற்று வேலை.

படி 1: இணையத்தைத் துண்டியுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் நுழைந்த, உங்களுக்குத் தெரியாதவற்றை நீக்குங்கள்.

படி 2: டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் மென்பொருள்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி. பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை, ஆனால் திரும்பக் கொண்டுவரும் துண்டு அடிக்கடி பதுங்குவது இங்கேதான். பெயர் 'அப்டேட்டர்' என்று நல்ல பிள்ளையாக இருக்கும், அதை நம்பாதீர்கள். ஒவ்வொன்றிலும் 'ஆக்ஷன்ஸ்' பகுதியில் எந்த ஃபைல் ஓடுகிறது என்று பாருங்கள். மென்பொருள்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் கொண்ட ஒன்று மணிக்கொரு தரம் ஓடினால் சந்தேகப்படலாம். ஒன்டிரைவ் போன்ற நல்ல மென்பொருள்களும் அங்கே இருக்கும் என்பதால் உடனே அழிக்காமல் முதலில் 'டிசேபிள்' மட்டும் செய்யுங்கள்.

படி 3: இப்போது பிரவுசர். சிங்க்கை (உங்கள் கணக்கு வழியாக எக்ஸ்டென்ஷன்களைத் திரும்பக் கொண்டுவரும் வசதி) நிறுத்திவிட்டு எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். நீக்கும் பொத்தானே வேலை செய்யவில்லையா? குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அது சகஜம். வீட்டுக் கணினியில் இருந்தால், ஆட்வேர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பாலிசி, அதாவது கட்டாய விதி, எழுதி எக்ஸ்டென்ஷனைப் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியின் கடைசியில் இணைய முகவரி ஏதும் ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களையும் ஒரு முறை பாருங்கள்.

படி 4: இணையத்தை இணைத்து, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஆட்வேரை நீக்கும் ஆட்வ்கிளீனரை இறக்கி ஓட்டுங்கள். இலவசம்தான், பாலிசி பூட்டுகளை எடுக்கவும் உதவும்.

இன்னொன்று, சான்றிதழ்கள், அதாவது ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சிகள். 2014–15இல் லெனோவா லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் கடையிலிருந்தே வந்தது. பாதுகாப்பான தளங்களிலும் விளம்பரம் செருக அது சொந்த ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி கொடுக்கும் மூலச் சான்றிதழ்) போட்டுக்கொண்டது, மென்பொருளை நீக்கிய பிறகும் சான்றிதழ் அப்படியே இருந்தது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி என்பதால், அது வெளியானதும் வங்கித் தளம் போலப் போலியாக நடிப்பதுகூட எளிதாகிவிட்டது. ஆகவே விண்டோஸின் சான்றிதழ் பட்டியலில் புரியாத பெயர் இருந்தால் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பதை ஆன் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஓரிரு நாள் தொல்லை இல்லை என்றால் சிங்க்கைத் திரும்பப் போடலாம்.