கார் கைப்பிடி திறக்கவில்லையா? முதலில் சாவியைக் கேளுங்கள்

சாவியைத் துவாரத்தில் போடாமல், பையில் வைத்துக்கொண்டே கைப்பிடிப் பட்டனை அமுக்கித் திறக்கும் கார் ஒன்றின் பக்கத்தில் நின்று, கல்யாண மண்டப வாசலிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அண்ணே, பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது, கதவு திறக்கல."

"சாவி எங்க இருக்கு?"

"சட்டைப் பையில, போன் கூட."

"சாவியை மட்டும் தனியா எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு பட்டனை அமுக்குங்க."

திறந்துவிட்டது. கார் எலக்ட்ரிக்கல் வேலையில் எனக்குக் கூலி வராத ரிப்பேர் இதுதான்.

கைப்பிடியில் இருக்கும் கறுப்புப் பட்டன் பூட்டைத் திறப்பதில்லை. 'நம்ம சாவி பக்கத்தில் இருக்கா?' என்று காரைக் கேட்க வைக்கிறது, அவ்வளவுதான். சில கார்களில் பட்டனே இருக்காது, கைப்பிடியின் உட்புறம் விரல் பட்டால் போதும். உடனே கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் குரல் கொடுக்கும். அது சுமார் ஒரு மீட்டர்தான் எட்டும். சாவி, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், முறைக்கு முறை மாறும் ரகசிய எண்ணோடு பதில் சொல்லும். எண் சரியென்றால் கதவுக்குள் இருக்கும் குட்டி மோட்டார் பூட்டை விடுவிக்கும். போன் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மெல்லிய குரல் சாவியின் காதில் விழாமல் போகலாம்.

போனைத் தள்ளி வைத்தும் திறக்கவில்லையா? அடுத்த பக்கக் கதவில் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அது திறந்தால் கோளாறு முதல் கைப்பிடியில். இரண்டுமே திறக்காமல், சாவியிலுள்ள ரிமோட் பட்டனும் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால் சாவிக்குள் இருக்கும் செல் (பேட்டரி) தீர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் சிஆர் 2032, மூன்று வோல்ட். பழைய செல்லின் மேல் எண் இருக்கும், அதையே வாங்குங்கள். மூடியை நெம்பும்போது சர்க்யூட் போர்டில் ஸ்க்ரூடிரைவர் முனை படக்கூடாது. பிளஸ் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள்.

செல் முழுக்கச் செத்துவிட்டதா? சாவியின் பக்கவாட்டில் சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவில் துவாரம் தெரியாவிட்டால் கைப்பிடியின் ஓரத்து மூடியை அடியிலிருந்து மெதுவாக நெம்புங்கள், அதற்குள் ஒளிந்திருக்கும். திறந்ததும் அலாரம் அலறலாம், பயப்பட வேண்டாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் வண்டி கிளம்பும். அங்கே சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கச் செல் தேவையில்லை.

அப்புறம், சாவியைப் போர்ட்டிகோ ஆணியில், காருக்குப் பக்கத்திலேயே மாட்டாதீர்கள். சில கார்கள் ராத்திரி முழுக்க அதோடு பேசிக்கொண்டே இருக்கும். புதுச் செல்லும் சீக்கிரம் போய்விடும்.