சிற்றலைக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் ஏரியல்

ஆசையாக ரேடியோ வாங்கி சிற்றலை (ஷார்ட் வேவ்) பக்கம் திருப்பினால் வெறும் 'உஸ்ஸ்ஸ்'. உடனே ரேடியோவைத் திட்டாதீர்கள். கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் பாதி அலையைத் தடுத்துவிடும். மீதியை சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் கிளப்பும் இரைச்சல் அமுக்கிவிடும். இதற்கு ஆறு மீட்டர் ஒயர் போதும். ஆனால் அதை எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1. முதலில் இடம் பாருங்கள். பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடங்கள். இரைச்சல் எங்கே அடங்குகிறதோ அங்கேதான் ஏரியல். பெரும்பாலும் அது ஒரு ஜன்னலோரமாக இருக்கும். எங்கள் வீட்டில் 31 மீட்டர் பேண்டு (சிற்றலையில் நிலையங்கள் கூடியிருக்கும் பகுதிகளில் ஒன்று) முழுக்க இரண்டு மாதம் 'கர்ர்ர்' என்று ஒரே சத்தம். கடைசியில் பார்த்தால் சமையலறை பல்பு! ஸ்விட்சை அணைத்ததும், அதுவரை முனகிக்கொண்டிருந்த சீன வானொலி பளிச்சென்று பேசியது.

2. எலக்ட்ரிக்கல் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் ஆறு மீட்டரும், ஒரு குரோக்கடைல் கிளிப்பும் (முதலை வாய் போல் கவ்வும் கிளிப்) வாங்குங்கள். ஒரு முனையில் மட்டும் இரண்டு செ.மீ. உறையைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி கிளிப்பில் மாட்டுங்கள். மற்ற இடத்தில் உறை அப்படியே இருக்கட்டும், அலை அதைத் தாண்டி வந்துவிடும்.

3. ஜன்னலுக்கு மேலே, சுவரோரமாக டேப் போட்டு ஒயரை ஒட்டிக்கொண்டே போங்கள். ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சுவருக்குள் கரண்ட் ஒயர் போகும் பாதையோடு சேர்ந்து ஓடவிடாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்கே தாண்டுங்கள். நீளம் மிஞ்சினால் சுருட்டி வைக்காமல் அடுத்த சுவருக்குத் திருப்பிவிடுங்கள்.

4. கிளிப்பை ரேடியோவின் குச்சி ஏரியலில் கவ்வவிடுங்கள். பிளக் பாயின்ட்டின் எர்த் ஓட்டையில் எதையும் சொருகிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

5. இருட்டிய பிறகு 10,000 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போங்கள். சீனாவின் பி.பி.எம். நேர நிலையம் விநாடிக்கு ஒரு 'டிக்' அடித்துக்கொண்டிருக்கும். கிளிப்பை எடுத்தும் போட்டும் கேட்டால் வித்தியாசம் தெரியும். நிலையங்களைத் தேட இரவில் 49, 41, 31 மீட்டர் பேண்டுகள், பகலில் 19, 16. பழைய நினைப்பில் இரவு 9.15-க்கு பி.பி.சி.யின் தமிழோசையைத் தேட வேண்டாம், அது 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

ஒரே நிலையம் டயலில் நாலு இடத்தில் கேட்கிறதா? சின்ன ரேடியோவுக்கு அலை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கிளிப்பைக் கழற்றிவிட்டு, உறையோடு இருக்கும் ஒயரை குச்சி ஏரியல் மேல் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். செம்பு தொடாமலேயே தேவையான அளவு மட்டும் உள்ளே போகும். என் ரேடியோவில் இன்றைக்கும் அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். இடி இடித்தால் உருவிவிடவும் இதுதான் வசதி.