போன் தொலைந்தால் எப்படித் தேடுவது? புள்ளியை விடுங்கள், வட்டத்தைப் பாருங்கள்

போன மாதம் அத்தை டவுன் பஸ்ஸில் போனை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். என் போனில் தேடிப் பார்த்தால் மேப்பில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி நாலு தெருவை மூடுகிற மாதிரி வெளிர்நீல வட்டம். புள்ளி ஒரு பச்சை வீட்டின் மேல் இருந்தது. "அந்த வீடுதான், வா போய்க் கேட்கலாம்" என்று அத்தை செருப்பை மாட்டிவிட்டார்.

போயிருந்தால் வீண் சண்டைதான். வெட்டவெளியில் இருக்கும் போன், சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலின் சிக்னலைப் பிடித்து, அவை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் (மேலிருந்து யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, போன் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்கிறது). அப்போது வட்டம் சில மீட்டர்தான். கட்டடத்துக்குள் போய்விட்டால் அக்கம்பக்கத்து வைஃபையை வைத்து ஊகிக்கும். அதுவும் இல்லையென்றால் டவர் மட்டும்தான், கிராமப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டும். வட்டம் பெரிதாக இருந்தால் போன் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

1. இப்போதே *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், அதே போனில் போட்டோ எடுத்து வைத்துப் பயனில்லை.

2. ஆண்ட்ராய்டில் 'ஃபைண்ட் ஹப்' (பழைய பெயர் 'ஃபைண்ட் மை டிவைஸ்'), ஐபோனில் 'ஃபைண்ட் மை', இரண்டில் எதுவோ அதை ஆன் செய்து, வீட்டில் வேறொருவர் போனிலிருந்து ஒருமுறை தேடிப் பாருங்கள். கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால், உள்ளே நுழையக் கேட்கும் அனுமதி தொலைந்த போனுக்கே போய் நிற்கும், பலரும் மாட்டுவது இங்கேதான். அதனால் பேக்கப் கோடுகளையும் (போன் கையில் இல்லாதபோது கணக்கில் நுழைய கூகுள் தரும் எண்கள்) அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

3. தொலைந்ததும் முதலில் ஒலிக்க விடுங்கள், சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கும். அப்புறம் பூட்டி, திரையில் உங்கள் வேறொரு எண் தெரிகிற மாதிரி செய்தி போடுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள், ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு மேப்பில் தேட முடியாது.

4. கிடைக்கவில்லையா? போலீஸில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம். பிறகு 2023-இல் தொடங்கிய மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் புகார் நகலோடு ஐஎம்இஐ-யை முடக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாராவது வேறு சிம் போட்டால் தகவல் போலீஸுக்குப் போகும். போன் கிடைத்ததும் அதே தளத்தில் முடக்கத்தை நீக்க மறக்காதீர்கள்.

அத்தைக்கு நாலாவது படி தேவைப்படவில்லை. பூட்டிய திரையில் என் எண்ணைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரே கூப்பிட்டார், கண்டக்டர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்ட் அந்தப் பச்சை வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, வட்டத்தின் ஓரத்தில் இருந்தது.