பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் முன்னோரைத் தேடுவது எப்படி?

மே மாத விடுமுறையில் சென்னையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வருபவர்களில் சிலர், பூட்டனாரின் பெயர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே உச்சி வெயிலில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் ஏமாற்றத்துடனேயே திரும்புகிறார்கள். கல்லிலிருந்து தேடத் தொடங்குவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. தேடல் வீட்டில் தொடங்கிக் கோயில் (கிறிஸ்தவ தேவாலயப்) பதிவேட்டின் வழியாகக் கல்லுக்கு வந்து சேர வேண்டும்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன்னோரின் ஞானஸ்நானப் பெயர், அவர் சேர்ந்திருந்த சபை, அவர் இறந்த ஆண்டு. வீட்டில் அழைத்த பெயரும் ஞானஸ்நானப் பெயரும் வேறாக இருப்பது நம் பக்கத்தில் வழக்கம் என்பதால், இரண்டையும் கேட்பது அவசியம். ஆண்டு கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் “பர்மாவிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்களே, அதற்கு மறு வருஷம்” என்று ஓர் ஆச்சி சொன்னால், அது 1943 என்று நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். பழைய வேதப்புத்தகத்தின் முன் தாளையும் பின் தாளையும் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். பிறப்பும் இறப்பும் அங்கேதான் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) கண்டால் குழம்ப வேண்டாம். நெல்லைச் சீமையில் அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையிலான தேதிக்கு 824-ஐயும், ஜனவரிக்குப் பிந்திய தேதிக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். கொல்லம் 1053 ஐப்பசி என்றால் 1877. அதே ஆண்டு மாசி என்றால் 1878.

அடுத்தது, எந்தச் சபையின் பதிவேட்டைக் கேட்பது என்பதை முடிவு செய்வது. இதில் வரலாறு தெரியாமல் தேடினால் பல நாட்கள் வீணாகும். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர், பண்ணைவிளை ஆகியவை சர்ச் மிஷனரி சங்கத்தின் பணித்தளங்களாக இருந்தன. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் ஆகியவை எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) என்ற மற்றோர் ஆங்கிலேய மிஷனரி சங்கத்திடம் இருந்தன. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, இன்று நாம் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் கோயிலை 1826-இல் கட்டிய ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ் ஐயர், 1835-இல் தம் சர்ச் மிஷனரி சங்கத்திலிருந்து பிரிந்தபோது சபைகள் சிலவும் அவரோடு பிரிந்து சென்றன. 1838-இல் அவர் இறந்து அடைக்கலபுரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின்னரே அவை மெல்லத் திரும்பின. எனவே அந்த ஆண்டுகளில் இறந்த ஒருவரின் பெயர் எதிர்பார்த்த ஏட்டில் இல்லாவிட்டால், ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடாமல், பிரிந்திருந்த சபையின் ஏட்டையும் விசாரியுங்கள். உங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமானால், பங்குக் கோயிலில் கேட்க வேண்டும்.

சேகரத்தின் (சபைகள் சில சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவரை முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து நாள் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ஞாயிறும் பண்டிகை நாட்களும் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது அடக்கப் பதிவேடு. பெயர், வயது, ஊர், தொழில், அடக்கம் செய்த நாள், அடக்க ஆராதனை நடத்தியவர் ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். பழைய ஏடுகள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஞானமுத்து என்ற ஒரே பெயரை மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே எழுத்துக் கூட்டிப் பார்க்காமல், வாய்விட்டு ஒலித்துப் பாருங்கள். பெண்களைத் தேடும்போது அவர்களுடைய பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் விதவை’ என்றே பல இடங்களில் எழுதியிருப்பதால் கணவரின் பெயரிலும் தேட வேண்டும். நம் பூட்டிகள் ஏட்டிலும் பெயரின்றிப் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஏட்டின் தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் நீங்களாகப் புரட்டாமல் அலுவலகத்தாரையே புரட்டச் சொல்லுங்கள்.

முன்னோர் உபதேசியாராகவோ (சபையில் போதிக்கும் ஊழியராகவோ) ஆசிரியராகவோ இருந்திருந்தால் மிஷனரிகளின் அறிக்கைகளிலும் அவர் பெயர் வர வாய்ப்புண்டு. சர்ச் மிஷனரி சங்கத்தின் பழைய ஆவணங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஐரோப்பியரின் கல்லறை என்றால், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட மதராஸ் மாகாணக் கல்லறை எழுத்துகளின் தொகுப்பு பெரிதும் உதவும். அதில் ஊர்ப்பெயர்கள் டின்னவெல்லி, பாளம்கோட்டா என்றே இருக்கும்.

தேதி கிடைத்த பிறகு தோட்டத்துக்குச் செல்லுங்கள். மழைக்காலம் முடிந்து புல் காய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. உடைமுள்ளும் விரியன் பாம்பும் உண்டாகையால் மூடிய காலணியும் ஒரு கம்பும் வேண்டும். தனியாகப் போக வேண்டாம். கோயில்பிள்ளையை (கோயில் பணியாளரை) உடன் அழைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது போல. எந்த வரிசை எந்தக் காலத்தது, எந்தக் குடும்பத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஆண்டுக்கு முன்பின்னான கற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அந்தப் பகுதியை முதலில் நடந்து முடியுங்கள்.

கல்லைப் படிப்பதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தெளிவாகத் தெரியும் எழுத்து, நண்பகலில் மறைந்துவிடும். கண்ணாடி ஒன்றைப் பிடித்துச் சூரிய ஒளியைச் சாய்வாகத் திருப்பினாலும், கைப்பேசி விளக்கை ஓரத்திலிருந்து காட்டினாலும் போதும். கருங்கல்லைத் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் துடைக்கலாம். கம்பித் தூரிகை, ஆசிட், சோப்புத் தூள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. சுண்ணாம்புப் பூச்சில் எழுதிய கல்லறையானால் தண்ணீரும் வேண்டாம். தமிழ் எண்களை எழுத்தாக நினைத்து ஏமாறாதீர்கள்: ௧ என்பது ‘க’ போலவும், ௭ என்பது ‘எ’ போலவும், ௮ என்பது ‘அ’ போலவும் இருக்கும். ௲௮௱௭௰௭ என்று கண்டால் அது 1877. ௳, ௴, ௵ ஆகியவை முறையே நாள், மாதம், வருடம் ஆகியவற்றைக் குறிக்கும்.

பெயர் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. என் பூட்டனாரின் பெயரை ஒரு கல்லில் கண்டு, துடைத்து, பூ வைத்து, உறவினருக்கெல்லாம் படமும் அனுப்பிய பிறகுதான், அது அதே பெயருடைய வேறொருவரின் கல்லறை என்பது பதிவேட்டிலிருந்த வயதால் தெரிந்தது. இருபது வயது வேறுபாடு. பெயர், வயது, நாள் ஆகியவற்றில் இரண்டேனும் பொருந்தாமல் எதையும் உறுதி செய்யக் கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கல்லே இல்லாமல் போகவும் கூடும். ஏழைக் குடும்பங்கள் மண்மேடும் ஒரு மரச்சிலுவையும் மட்டுமே வைத்தன. இடம் போதாத நகரத் தோட்டங்களில் ஒரே குழியில் பிற்காலத்தில் மற்றொருவரை அடக்கம் செய்வதும் உண்டு. டோனாவூரில் 1951-இல் இறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள். அந்த இடம் எது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் குடும்பத்துக்கும் அப்படி நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் நடக்கக்கூடிய காலத்திலேயே அழைத்துச் சென்று இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்த கல்லை முழுமையாக ஒரு படமும், எழுத்தை அருகிலிருந்து ஒரு படமும், கோயில் கோபுரமோ மதில் வாசலோ தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படமும் எடுங்கள். எழுத்தை வரிக்கு வரி, பிழையுடனேயே, தாளில் பெயர்த்தெழுதுங்கள். வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று வரைபடம் போட்டு, ஒரு பிரதியைச் சேகர அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.